மேனேஜர் நுழையாத வாசல்

ஆன்செல் ட்ரெட்வெல்லின் விரல்களில் நேராக இருந்தவை இரண்டே இரண்டு. மற்றவையெல்லாம் பந்து பட்டு உடைந்து, கூடிய வாக்கில் கோணலாக நின்றுவிட்டவை. எங்கள் ஹால்டன் ஊரில் சம்பளம் வாங்கிக்கொண்டு பேஸ்பால் ஆடிய முதல் ஆட்களில் அவர் ஒருவர். இரும்பு வார்ப்புப் பட்டறையை விட்டு வந்து, ஒன்பது வருஷம் வெறுங்கையோடு, ஓடுகிறவர்கள் தொட வேண்டிய முனைகளில் ஒன்றான இரண்டாம் பேஸைக் காத்தார். கையுறை மாட்டினால் கோழை என்று கேலி செய்த காலம் அது. 1886இல் அணியை நடத்தும் மேனேஜராகவும் அவரையே போட்டார்கள். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நின்றவன் நான்.

அந்த மே மாதம் மூன்றாம் பேஸுக்குக் கார்னி டுவயர் புதிதாக வந்தான். பஞ்சாலையில் நூற்பு இயந்திரம் ஓட்டியவன். இரண்டு பிள்ளைகள். முதல் ஆட்டத்தன்றே இடது கையில் ஒரு தோல் உறையை மாட்டிக்கொண்டு வந்தான். விரல் நுனிகளை வெட்டிவிட்டிருந்தான். தூரத்திலிருந்து தெரியக் கூடாதென்று சதை நிறத் தோல். ஆனாலும் ஆன்செல் பார்த்துவிட்டார்.

"என்னடா அது, கல்யாணத்துக்கா கிளம்பிட்ட?" என்றார், கூட்டத்துக்குக் கேட்கும்படி.

"உள்ளங்கை வீங்கியிருக்கு மேனேஜர். போன வாரம் பட்டது."

"எனக்கு ஒம்பது வருஷமா வீங்கியிருக்கு. கழட்டு. இல்லேன்னா ஒரு பாவாடையும் வாங்கித் தர்றேன், சேத்துக் கட்டிக்க."

பெஞ்சிலிருந்த எல்லோரும் சிரித்தோம். நானும்தான். கார்னி உறையைக் கழற்றிப் பெஞ்சுக்கு அடியில் போட்டான்.

நான்காவது இன்னிங்ஸில் மட்டையிலிருந்து கிளம்பிய பந்து நேராக அவனிடம் வந்தது. பிடித்துவிட்டான். ஆனால் நடுவிரல் பிளந்து எலும்பு தெரிந்தது. ஆன்செல் ஓடிப்போய்ப் பார்த்தார்.

"புகையிலையை மென்னு வச்சுக் கட்டிக்க. இன்னும் அஞ்சு இன்னிங்ஸ்தான்."

கார்னி ஆடினான். நாங்கள் ஜெயித்தோம்.

கை சீழ் பிடித்துவிட்டது. பத்தாம் நாள் டாக்டர் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார். அறுந்த நூலை முடிச்சுப் போட விரல் வேண்டுமே. ஆலையும் அவனைத் திரும்ப எடுக்கவில்லை.

சேதி வந்த அன்று ஆன்செல் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். அலமாரியைத் திறந்து, சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு கையுறையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதே சதை நிறம்.

"மார்ச் மாசமே பாஸ்டன்ல சொல்லிச் செஞ்சு வாங்கிட்டேன், எமெட். கதவைச் சாத்திக்கிட்டு மாட்டிப் பார்ப்பேன். வெளிய போட்டுட்டு வரத் தைரியம் இல்ல. அவன் போட்டுட்டு வந்து நின்னான் பாரு, அதான் பொறுக்கல."

அவர் மனைவி டாம்சின் அடுப்படியிலிருந்து, "இதை அவன்கிட்டல்ல போய்ச் சொல்லணும்? எமெட்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது?" என்றாள்.

அவர் போகவில்லை. அந்தச் சனிக்கிழமை தன் கையுறையை மாட்டிக்கொண்டு களமிறங்கினார். "மேனேஜரம்மா! மேனேஜரம்மா!" என்று கூட்டம் கூவித் தீர்த்தது. அவர் கழற்றவில்லை. அடுத்த மாதம் எங்கள் எல்லோருக்கும் கையுறை வந்தது. கிளப் முதலாளியோடு சண்டை போட்டு, கார்னிக்கு மைதான வாசலில் டிக்கெட் சரிபார்க்கும் வேலையும் வாங்கிக் கொடுத்தார். தன் பெயரை மட்டும் சொல்லக் கூடாது என்றார்.

கார்னி அங்கே வந்து நின்ற நாளிலிருந்து ஆன்செல் முன்வாசல் வழியாக வரவில்லை. நிலக்கரிக் கிடங்கைச் சுற்றிக்கொண்டு, பின்வேலிக் கதவு வழியாக, பூட்ஸெல்லாம் கரியோடு வருவார். இப்படி ஆறு வருஷம்.

பிறகு ஒரு வசந்தத்தில் ஊரை ஒட்டிய மெரிமாக் ஆறு கரை புரண்டது. கிடங்குப் பக்கம் முழங்கால் அளவு சேறு. வேறு வழியில்லாமல் நானும் அவரும் முன்வாசலுக்கு வந்தோம். கார்னி மூன்று விரல் கையை நீட்டினான்.

"டிக்கெட்?"

"டேய், இவர் நம்ம மேனேஜர்" என்றேன்.

"அப்படியா? இந்த வழியா வந்து நான் பார்த்ததே இல்லையே!"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆன்செல் தொப்பியைக் கழற்றினார். முகம் செங்கல்லாகச் சிவந்திருந்தது.

"அன்னிக்கு உன் உறையைக் கழட்டச் சொன்னேன்ல, கார்னி. அப்ப என்கிட்டயும் ஒண்ணு இருந்துச்சு. வீட்ல ஒளிச்சு வச்சிருந்தேன்."

கார்னி அவரையே பார்த்தான்.

"இதைச் சொல்லவா ஆறு வருஷம்?" என்றான். "பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க. உள்ள போங்க."

மன்னித்துவிட்டானா என்று ஆன்செல் என்னைக் கேட்டார். தெரியவில்லை என்றேன். அந்த சீசனோடு வேலையை விட்டுவிட்டுப் பட்டறைக்கே திரும்பினார். எப்போதாவது ஆட்டம் பார்க்க வருவார். முன்வாசலில் வரிசையில் நின்று, தலையைக் குனிந்தபடி கார்னியிடம் டிக்கெட்டை நீட்டுவார். அவனும் மற்றவர்களுடையதைப் போலவே அதைக் கிழித்துக் கொடுப்பான்.