பிரெஞ்சில் நெஞ்சு வலி

போன திங்கட்கிழமை அக்காவை இங்கே ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். பாரீஸிலிருந்து லீவுக்கு வந்திருக்கிறாள். போன குளிர்காலத்தில் அவளுக்கு ஹார்ட் அட்டாக். வந்த இடத்தில் ஒரு செக்கப் பார்த்துவிடலாம் என்று நான்தான் இழுத்துக்கொண்டு போனேன்.

பிரஷர் பார்த்த டாக்டர், அவள் கொண்டுவந்த பிரான்ஸ் ரிப்போர்ட்டைப் புரட்டினார். "இங்க வந்து நல்லா குறைஞ்சிருக்கேம்மா... சாப்பாடு எப்படி?"

"தங்கச்சி சமையல் டாக்டர். அதான் கம்மியா சாப்பிடறேன்."

இதுதான் அக்கா! மானத்தை வாங்க இடம், நேரம் பார்க்க மாட்டாள்.

ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. 'குறைஞ்சிருக்கே' என்ற ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். ஸ்கூட்டரில் லாஸ்பேட்டை வீடு வந்து சேரும்வரை ஒரே பாட்டு — "இங்கயே இருந்துடேன்க்கா."

"ரோட்டைப் பார்த்து ஓட்டுடி" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்தவள்.

மாமா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கல்யாணம் ஆன கையோடு அக்காவைக் கூட்டிப் போனார். இருபத்தைந்து வருஷம் இருக்கும். வெண்ணெய், சீஸ், ஒயின் — மனிதர் ஒன்றையும் விட்டுவைத்ததில்லை. நெஞ்சில் ஒரு குறை கிடையாது. அக்கா ஒயினைத் தொட்டதே இல்லை. அட்டாக் அவளுக்கு! இது என்ன நியாயம்?

அந்தக் கதையைக் கேளுங்கள். நெஞ்சை என்னவோ அழுத்துகிறது என்று தனியாக டாக்டரிடம் போயிருக்கிறாள். இங்கே கான்வென்ட்டில் படித்த பிரெஞ்சில் "மால் ஓ கேர்" என்றாளாம். 'மால்' என்றால் வலி, 'கேர்' என்றால் இதயம். சரிதானே? ஆனால் அங்கே குமட்டிக்கொண்டு வந்தால்தான் அப்படிச் சொல்வார்களாம்! அவரும் குமட்டலுக்கு மருந்து எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் மார்க்கெட்டில் விழுந்தாள். யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதால் பிழைத்தாள்.

"பிரெஞ்சுல ஃபர்ஸ்ட் பிரைஸ் வாங்கினவடி நான்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

சமீபத்தில் ஒரு பத்திரிகையில் இனுயிட் மக்களைப் பற்றிப் படித்தேன். பாடப் புத்தகத்தில் எஸ்கிமோ என்று படித்தோமே, அவர்கள்தான். பனியை விட்டு நகரத்துக்குக் குடிபோனவர்களின் இதயம் என்ன ஆகிறது, ஆணுக்கு எப்படி, பெண்ணுக்கு எப்படி என்று ஆராய்கிறார்களாம். அவர்கள் பனியை விட்டுப் போனார்கள். அக்கா பனிக்குள் போனாள்.

மருத்துவம் எனக்குத் தெரியாது. என் வீட்டு விஷயம் தெரியும். மாமா அங்கே வேலைக்குப் போனார். பேச ஆள், நடக்கத் தெரு, சீட்டாட நண்பர்கள்... அக்கா? அவள் மாமாவுக்காகப் போனாள். ஐந்தாவது மாடி, மூடிய ஜன்னல். போனில் என்னிடம் கேட்பாள், "மீன்காரம்மா வந்தாச்சா? காக்கா கத்துதா? போனைக் கொஞ்சம் வெளிய நீட்டுடி." நானும் ஜன்னலுக்கு வெளியே நீட்டுவேன். போன் கார்டு தீரும்வரை காக்காய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பாள், பைத்தியக்காரி.

அதனால் இந்த முறை விடுவதாக இல்லை. மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன். மாமாகூட போனில், "அவ அங்க இருந்தா நல்லதுதாம்மா" என்றார். அக்காவிடம் சொன்னேன். 'ம்' என்றாள். அந்த 'ம்'மை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் கனவு கண்டேன். எனக்கு அக்கா வேண்டும். சண்டை போடவாவது பக்கத்தில் வேண்டும்.

புதன்கிழமை அவள் மகள் பாரீஸிலிருந்து கூப்பிட்டாள். கைக்குழந்தைக்காரி; அக்கா இப்போது பாட்டி, எங்கள் ஊர்ப் பேச்சில் ஆயா. குழந்தை அழுகிற சத்தம் சோபாவில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். முகமே மாறிப்போனது.

"அழாதடா கண்ணு... ஆயா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துடுவேன்."

வீட்டுக்கு!

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். "ஏன்டி மூஞ்ச இப்படி வச்சிக்கினு இருக்க?"

"ஒண்ணுமில்லக்கா."

இத்தனை வருஷமும் அக்கா வெளியூரில் இருக்கிறாள் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியூர் நாங்கள்தான்.