நான் பரிசளிக்காத கார்

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பெரியவன் பையைக்கூடக் கழற்றாமல் என்னிடம் கேட்டான்: "அப்பா, நீங்க அம்மாவுக்கு சர்ப்ரைஸா கார் வாங்கிக் குடுத்தீங்களாமே? எங்க கிளாஸ்ல ஒருத்தன் அவங்க அக்கா போன்ல பாத்தானாம்." சின்னவளும் பக்கத்தில் வந்து நின்று என் முகத்தைப் பார்த்தாள். உங்கள் அம்மா கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. "இன்னுமா சுத்துது அந்தச் சனியன்?" என்று மட்டும் கேட்டாள்.

அதனால் இதை உங்கள் இரண்டு பேருக்கும் எழுதி வைக்கிறேன். நான் பத்தாவது வரை படித்தவன். வண்ணார்பேட்டையில் மருந்து மொத்தக் கடையில் பார்சல் கட்டுகிறேன். பெட்டி மேல் முகவரி எழுதுவதைத் தவிர வேறு எழுத்துப் பழக்கம் கிடையாது. ஆனால் நான் வாயால் சொன்னதை நீங்கள் மறந்துவிடுவீர்கள், அந்த வீடியோ மறக்காது. அது பேசுவதற்கு எதிராக ஏதாவது ஒன்று எழுத்தில் இருக்கட்டும்.

அந்தக் கார் நான் வாங்கிக் கொடுத்தது அல்ல. உங்கள் அம்மா மாவு அரைத்து, மாவு விற்று, தானே பார்த்துத் தானே வாங்கியது. ஓட்டக் கற்றுக்கொண்டதும் அவள்தான். எனக்குக் கார் ஓட்டவும் தெரியாது.

கார் வாங்குவது என்று அவள் முடிவெடுத்தபின் கொஞ்ச நாள் நம் வீட்டில் சாப்பாட்டுக்குக் கார் வீடியோதான் தொட்டுக்கொள்ள. நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். ஒருத்தன் காரை நோக்கி நடந்து வருவான். அந்த நடையையே மூன்று பக்கத்திலிருந்து காட்டுவார்கள், என்னவோ ஆற்றை நீந்திக் கடந்து வந்தவன் மாதிரி. வந்ததும் பானெட்டில் ஒரு தட்டு. சந்தையில் மாட்டைத் தட்டிப் பார்க்கிறவனாவது எதையோ தெரிந்துகொள்ளத் தட்டுவான். இவன் சத்தம் வருவதற்காகத் தட்டுவான். கதவைத் திறப்பான், மூடுவான், மறுபடியும் திறப்பான். முகப்புப் படத்தில் வாயைப் பிளந்து காரைக் கையால் காட்டிக்கொண்டு நிற்பான். பேய் பிடித்தவன்கூடக் கொஞ்ச நேரத்தில் வாயை மூடிவிடுவான்.

பழைய கார்கள் என்றால் இன்னும் மோசம். விற்பனைக்கு வருகிற அத்தனை காரும் டாக்டர் வைத்திருந்தது. டாக்டர் இல்லையென்றால் பாளையங்கோட்டை டீச்சர், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுத்துப் போனது. மருந்துக் கடையில் வேலை பார்க்கிற எனக்கே அத்தனை டாக்டரைத் தெரியாது. "இம்புட்டு டாக்டரும் காரை வித்துட்டு இப்ப எதுலதான் போறாங்களாம்?" என்று உங்கள் அம்மா கேட்டாள். "பஸ்ஸுலயா?"

அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். டிக்கியில் மாவு வாளி மூன்று நிற்குமா, வளைவில் சாயாமல் இருக்குமா. ஒரு வீடியோவிலும் அது இல்லை. எல்லாரும் கூரையில் கண்ணாடி திறப்பதைக் காட்டினார்கள். கடைசியில் அவளே மூடி போட்ட மூன்று வாளியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பழைய கார் விற்கிற ஒரு கடைக்குப் போனாள். ஒவ்வொரு காராக டிக்கியைத் திறக்கச் சொல்லி வாளியை வைத்துப் பார்த்தாள். நாலு தடவை போனாள். ஒரு சின்ன சாம்பல் நிறக் காரில் மூன்றும் கச்சிதமாக நின்றன.

அந்தக் கடையில் வீடியோ எடுக்கிற ஒருத்தன் இருந்தான். நம்ம ஊர்க்காரன்தான். கேமரா ஓடாதபோது "அங்கன நில்லுங்க, பைய வாங்க" என்பான். ஓடத் தொடங்கியதும் நாக்கு சென்னைக்குப் போய்விடும், "ஹாய் மக்களே" என்று ஆரம்பித்துவிடுவான். "ஏம்ப்பா, இவ்வளவு எடுக்கியே, டிக்கியைக் காட்ட மாட்டியா?" என்று அவனிடம் அம்மா கேட்டிருக்கிறாள். அவன் சிரித்துக்கொண்டே, "டிக்கிக்கெல்லாம் வியூஸ் வராதுக்கா" என்றானாம்.

கார் எடுக்கிற அன்று நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில் இருந்தீர்கள். அம்மா தெருமுனைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, மஞ்சள் பையில் நாலு எலுமிச்சம்பழம் கொண்டு வந்தாள். சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து ஏற்றி நசுக்கிவிட்டுப் புறப்படுவதற்கு. கார் அங்கே சிவப்பு வெல்வெட் துணியைப் போர்த்திக்கொண்டு நின்றது. சுற்றிலும் பலூன். மேசையில் கேக். கைக்குழந்தை உயரத்துக்குத் தெர்மோகோலில் ஒரு சாவி வேறு, தங்கக் காகிதம் ஒட்டி. ஏற்கெனவே யாரோ ஓட்டிய கார், சீட்டு உறையில் பழைய ஆளின் தலையெண்ணெய் வாசம்கூடப் போகவில்லை. அதற்குப் பெண்ணழைப்பு மாதிரி ஏற்பாடு.

பையை நாற்காலியில் வைத்துவிட்டு அம்மா உள்ளே கையெழுத்துப் போடப் போனாள். நானும் போனேன். திரும்பி வெளியே வந்தால் கார் இரண்டடி முன்னால் நிற்கிறது. நாலு பழமும் கூழாகிக் கிடக்கின்றன. கடை மெக்கானிக் துணியை முன்பக்கம் ஒதுக்கிவிட்டுச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். வீடியோக்காரன் ஒரு கம்பு நுனியில் மைக்கைக் கட்டி டயர் பக்கத்தில் நீட்டிக்கொண்டு குத்தவைத்திருக்கிறான்.

"யார் ஏத்துனது?" என்று அம்மா கேட்டாள்.

"ட்ரையல்க்கா. பழம் நசுங்குற சவுண்டைத் தனியா எடுக்கணும்லா. 'நச்'சுன்னு விழுந்திருக்கு, கேக்குதியளா?"

"ஏலே, உன் சவுண்டுக்காலே நான் பழம் கொண்டாந்தேன்?"

"கோவப்படாதீங்கக்கா. பெட்டிக்கடையில வேற வாங்கச் சொல்லுதேன். எத்தனை டேக் போகுமோ தெரியாது, ஒரு டஜனா வாங்கிருவோம்."

திருஷ்டிப் பழத்தை டஜன் கணக்கில் வாங்கலாம் என்று நினைக்கிற மண்டையை என்னவென்று சொல்ல? தாலியை இன்னொரு தடவை கட்டுங்கள், வெளிச்சம் பத்தவில்லை என்று சொல்லுகிற ஆள் இவனாகத்தான் இருப்பான். அவள் காரை முதன்முதல் எடுத்தது யாரோ ஒரு மெக்கானிக், அதுவும் ஒரு சத்தத்துக்காக. அம்மாவின் முகம் சிவந்துவிட்டது.

கார் கடை முதலாளி அண்ணாச்சி ஓடி வந்து சமாதானம் சொன்னார். சமாதானம் முடிவதற்குள் வீடியோக்காரன் கதையை ஆரம்பித்துவிட்டான். ஒரு கறுப்பு ரிப்பனை என் கையில் திணித்தான்.

"நீங்க அக்கா கண்ணைக் கட்டிக் கூட்டிட்டு வாறீங்க அண்ணாச்சி. இங்கன நிறுத்துதீங்க. ரிப்பனை அவுக்கீங்க, துணியை இழுக்கீங்க. அக்கா அழுவாங்க."

"நான் எதுக்குலே அழணும்?" என்றாள் அம்மா.

"சந்தோஷத்துலக்கா."

"நாலு தடவை வந்து வாளி வச்சுப் பாத்த காரு. எனக்கு என்ன சர்ப்ரைஸு? வாங்குனதே நான்தானே."

"அது பாக்கிற மக்களுக்குத் தெரியாதுலாக்கா. பொம்பளை தானே கார் வாங்குனான்னு போட்டா ஒரு இது வராது. புருஷன் குடுத்தாத்தான் எமோஷன்."

நான் குறுக்கே புகுந்து, "தம்பி, எனக்கு ஓட்டவே தெரியாது" என்றேன். அதோடு விட்டுவிடுவான் என்று நினைத்தேன்.

"அது ஒரு பிரச்சினையா? நியூட்ரல்ல போட்டு நாலு பேர் பின்னால தள்ளுவாங்க. நீங்க சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டுச் சிரிங்க. தள்ளுற ஆளு படத்துல வரமாட்டான்."

பாடையைத் தூக்குவதற்கும் நாலு பேர்தான். ஆனால் அதில் படுத்திருப்பவனை யாரும் சிரிக்கச் சொல்வதில்லை.

நான் ரிப்பனை மேசையில் வைத்தேன். உடனே கடை அண்ணாச்சி அந்தத் தெர்மோகோல் சாவியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். "அது கிடக்கட்டும். ஒரே ஒரு போட்டோ, கடைச் சுவத்துல மாட்டதுக்கு" என்றார். நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய? என் சாவி இல்லையே என்று அம்மா பக்கம் நீட்டினேன். அவள் அதை வாங்கிக் கேக் மேலேயே சாய்த்து வைத்தாள். வெயிலும் கோபமுமாக முகம் வேர்த்திருந்தது, முந்தானையால் துடைத்தாள். "நெசச் சாவியைக் குடுங்க" என்று கேட்டு வாங்கினாள். வெல்வெட் துணியை ஒரே இழுப்பு. நான் ஏறியதும் வண்டியை எடுத்துவிட்டாள். இரண்டு பலூன் டயரில் வெடித்தன. பின்னாலேயே வீடியோக்காரன், "அக்கா, கட்! கட்!" என்று ஓடி வந்தான்.

தெருமுனையில் புதிதாக நாலு பழம் வாங்கினோம். நான் ரோட்டில் குத்தவைத்துச் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தேன். அவள் ஏற்றினாள். அப்போது பார்த்து சீவலப்பேரி பஸ் ஹாரனை அடித்துக்கொண்டு போனதால் ஒரு சத்தமும் கேட்கவில்லை. அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்த வீடியோ வந்தது. 'மனைவிக்குக் கணவன் தந்த பரிசு, கண்ணீர் விட்ட மனைவி' என்று தலைப்பு. நான் தெர்மோகோல் சாவியை நீட்டுகிறேன். அம்மா முகத்தைத் துடைக்கிறாள். வேர்வையைத் துடைத்ததைப் பைய ஓட்டி, அதற்கு வயலினைப் போட்டு அழுகையாக ஆக்கிவிட்டான். நடுவில் 'நச்' என்று அந்தத் திருட்டு எலுமிச்சம்பழம். முடிவில் கடை அண்ணாச்சி கைகூப்பி வந்து, இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்கிறார். மாவும் இல்லை, வாளியும் இல்லை.

முதல் போன் ராதாபுரத்திலிருந்து உங்கள் பெரிய மாமா. "மாப்ள, பெரிய ஆளுவே நீரு! எந்தங்கச்சிக்குக் காரே வாங்கிக் குடுத்துட்டீரே!"

"மச்சான், நான் வாங்கல. அவதான் வாங்குனா."

"அடக்கத்தைப் பாருவே!" என்று அவர் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது.

இல்லை என்று சொல்லச் சொல்ல என் பெருமைதான் ஏறியது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் என்னைக் கும்பிட ஆரம்பித்தார்கள். அத்தனை வருஷம் விடியுமுன் எழுந்து ஊறப்போட்டு, அரைத்து, கடை கடையாகக் கொண்டு போட்டவள் அந்தப் படத்தில் அழத் தெரிந்த ஒரு பொம்மை. அதுகூடப் போகட்டும். நம் மாவை வாங்குகிற பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருத்தர், வேறு ஆளிடம் மாவு வாங்க ஆரம்பித்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "வீட்டுக்காரரு காரு வாங்கிக் குடுக்க அளவுக்கு வந்துட்டாருலா. இனி நீங்க எங்க மாவாட்டப் போறியன்னு நெனச்சேன்" என்றார். அன்றைக்கு ஒரு வாளி மாவு திரும்பி வந்தது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நான் கார் கடைக்குப் போய், அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

"உம்மைப் பெருமையாத்தானவே காட்டியிருக்கு" என்றார் கடை அண்ணாச்சி. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை. கார் வாசனைக்கு என்று ஒரு சென்ட் குப்பியை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை.

வீடியோக்காரன் இன்னும் பெரிய மனசு பண்ணினான். "ரெண்டாவது பார்ட் போட்டுருவோம் அண்ணாச்சி. அக்கா மாவாட்டுறது. இருட்டு, ஒத்தை பல்பு, ஒரு சோகப் பாட்டு. கன்னத்துல மட்டும் கொஞ்சம் மாவை அப்பிக்கிடணும்."

அவனுக்குத் தெரிந்த பெண்கள் மொத்தமே இரண்டு பேர். ஒருத்தி பரிசு வாங்கி அழுகிறவள், இன்னொருத்தி கஷ்டப்பட்டு அழுகிறவள். வாளி நிற்குமா என்று டிக்கியை அளந்து பார்க்கிறவளுக்கு அவனிடம் ஒரு பாட்டும் கிடையாது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "சரி, நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் அம்மா.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கடை லீவு. அவளோடு மாவு போடப் போனேன். நம் கார் அந்தக் கடைப் பக்கம் போனபோது உள்ளே வேறொரு குடும்பம் நின்றது. அதே சிவப்புத் துணி, அதே தெர்மோகோல் சாவி, கேக் மட்டும் புதுசு. அம்மா வண்டியைத் திருப்பினாள். வாசலை அடைத்துக் குறுக்கே நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு இறங்கினாள். நானும் இறங்கினேன்.

"தங்கச்சி, வண்டியை எடும்மா. இவங்க கார் வெளியே போகணும்" என்று வந்தார் கடை அண்ணாச்சி.

"எடுக்கேன் அண்ணாச்சி. அந்த வீடியோவை அழிச்சதும் எடுக்கேன்."

"அதை அப்புறம் உக்காந்து பேசுவோம்."

"எனக்கு அவசரமில்ல. பேசி முடிங்க, நான் நிக்கேன்."

கார் எடுக்க வந்த பெரியவர் வாட்சைப் பார்த்தார். "பத்தரைக்கு ராகுகாலம்வே! அதுக்குள்ள வண்டி வாசலைத் தாண்டணும். இந்த அம்மாவுக்கு என்ன வேணுமாம்?"

அம்மா அவரிடமே சொன்னாள். கார் அவள் வாங்கியது, படத்தில் புருஷன் கொடுத்ததாகப் போட்டுவிட்டார்கள், அதை அழிக்க வேண்டும். பெரியவர் நியாயம் பேசவில்லை. எவர் பக்கமும் சாயவில்லை. "எவரு வாங்குனா எங்களுக்கென்ன? அதை அழிச்சுத் தொலையும்வே! ராகுகாலத்துல எடுக்கணும்னா எனக்கு இந்தக் காரே வேண்டாம்" என்று கத்தினார்.

உண்மைக்குப் பயப்படாத கடை அண்ணாச்சி ராகுகாலத்துக்குப் பயந்தார். "அழிலே முதல்ல" என்றார்.

"நல்லா ஓடிட்டிருக்கு அண்ணாச்சி, இன்னைக்குத்தான் ஏறுது..."

"அழிலேங்கேன்!"

"போனை என் கையில குடு" என்றாள் அம்மா. அவன் எந்த இடத்தில் அழுத்த வேண்டும் என்று காட்டினான். விரலில் மாவு காய்ந்து ஒட்டியிருந்ததால் முதல் தடவை போன் கேட்கவில்லை. விரலை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினாள். நிஜமாகவே அழிக்கவா என்று ஒரு கேள்வி வந்தது.

"கேட்டுட்டுச் செய்யுது பாரு," என்றாள் அவனிடம். "உன்னைவிட இந்தப் போனுக்கு மரியாதை தெரியுது."

அழித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் யார் யார் அதை எடுத்து வைத்திருந்தார்களோ தெரியாது. உங்கள் வகுப்பில் பார்த்தது அப்படி மிஞ்சிய ஒன்றாகத்தான் இருக்கும். அதை ஒவ்வொருத்தர் கையிலும் போய் அழிக்க நம்மால் முடியாது. கேட்கிறவர்களிடம், கார் எங்கள் அம்மா வாங்கியது என்று சொல்லுங்கள். அடக்கம் என்று சிரித்தால் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

பெரியவர் பின்னால் நின்று, "மணியாச்சி, மணியாச்சி" என்று கத்திக்கொண்டிருந்தார். அம்மா சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். நான் இன்னும் வெளியேதான் நின்றேன்.

"ஏறுங்க, வெயில்ல மாவு பொங்கிரும்" என்றாள்.

"முதல்ல எங்க?" என்று கேட்டேன்.

"வேற ஆள்கிட்ட மாவு வாங்குனாருலா, அந்த அண்ணாச்சி கடைக்கு. நான் அரைச்சிட்டுத்தான் இருக்கேன்னு அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."