வலது பையிலிருந்து இடது பைக்கு

மஸ்கட்டுக்கு வெளியே ஒரு தொழிலாளர் கேம்ப்பில் நூற்றிருபது பேருக்குச் சமைக்கிறேன். தினமும் அடுப்பு மூட்டுவதற்கு முன், ஓடு உடைக்காத ஐந்து மல்லாட்டைகளை, அதாவது வேர்க்கடலைகளை, கால்சட்டையின் வலது பையில் போட்டுக்கொள்வேன். இங்கே கடைகளில் உடைத்து, வறுத்து, டப்பாவில்தான் விற்கிறார்கள். இவை திண்டிவனத்திலிருந்து நான் கொண்டுவந்தவை. ஒரு பாத்திரத்தில் உப்புப் போட்டதும் ஒன்றை இடது பைக்கு மாற்றுவேன். ஐந்து பாத்திரம், ஐந்து மல்லாட்டை. கூட வேலை செய்யும் பங்களாதேஷ்காரர்கள் இது ஏதோ சாமிக்கு வேண்டுதல் என்று நினைக்கிறார்கள். நானும் தலையாட்டிவிடுவேன். எனக்கு ஐம்பத்தொரு வயது. உப்புப் போட்டோமா இல்லையா என்பது ஆறு மாதமாக எனக்கு நினைவில் நிற்பதில்லை.

முதலில் கண்டுபிடித்தவன் செல்வம். கோலியனூர்க்காரன், என் அறையில் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியன். "இன்னாண்ணே, சாம்பாரா இது? மரக்காணம் உப்பளத்த அப்டியே மோந்து ஊத்திட்டியா?" என்றான். மேசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் இதே சாம்பாரை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

என் அப்பா கல்யாணச் சமையல்காரர். பந்தி உட்காரும் முன் சமைப்பவன் வாயில் வைத்தால் அது எச்சில் என்பார். ஆவியை முகர்ந்தே உப்பு சொல்வார். ஐந்தாம் வகுப்போடு நின்று அவரோடு வேலைக்குப் போன எனக்கும் அதே பழக்கம்தான். இங்கும் நான் ருசி பார்ப்பதில்லை. ஒருமுறை விழுப்புரத்தில் ஒரு மண்டபத்தில் அப்பா, உப்புப் போட்ட சாம்பாரிலேயே மறுபடி இரண்டு கை அள்ளிப் போட்டார். நான் தடுத்தேன். "டேய், இப்பத்தானடா போட்றேன்! எனக்கே சொல்லிக் குடுக்கிறியா?" என்று பெண் வீட்டார் முன்னால் கத்தினார். கூச்சத்தில் நான் அடுத்த அடுப்புக்கு நகர்ந்துவிட்டேன். அந்தப் பந்தியில் சாம்பாரை யாரும் தொடவில்லை.

நான் இங்கே வந்த பிறகு அவருக்கு வீட்டுக்கு வரும் வழியும் மறந்தது. டீக்கடைக்காரர் என் மனைவிக்குப் போன் செய்வாராம்: "யம்மா, உன் மாமனாரு பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினு கீறாரு. ஜல்தியா வந்து இட்டுக்கினு போ." விடுமுறையில் நான் போனபோது அப்பா கைகூப்பினார். "வாங்க ஐயா, பந்தி ரெடியா கீது, உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். வெறும் கரண்டியால் பரிமாறினார். போதும் போதும் என்று கையால் மறித்துவிட்டு எழுந்தேன். அவரைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

இங்கே இதை யாரிடம் சொல்வது? வேலை போனால் மகளின் நர்சிங் படிப்பு பாதியில் நிற்கும். ஆனாலும் ஒருநாள் துணிந்து, எங்கள் ஓமானி மேலாளரிடம் தலையைத் தொட்டுக் காட்டி, "ராஸ் தாபான்" என்றேன். தலை சரியில்லை என்று சொன்னதாக நினைத்தேன். மறதிக்கு அரபியில் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. அவர் நல்ல மனிதர். தலைவலி மாத்திரை இரண்டும் தண்ணீரும் கொடுத்து, தோளில் தட்டினார். அவர் முன்னாலேயே விழுங்கிவிட்டு வந்தேன்.

போன வாரம் ரசத்துக்கு உப்புப் போடப் போனேன். வலது பை காலி. இடது பையும் காலி. மேடையில் மல்லாட்டை ஓடுகள் கிடந்தன. ஐந்தையும் நானே தின்றிருக்கிறேன். எப்போது என்று தெரியவில்லை. ஆவியை முகர்ந்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு, வாழ்க்கையில் முதல் முறையாக, கரண்டியை வாயில் வைத்தேன். ஒவ்வொரு பாத்திரமாக. சாம்பாரில் மட்டும் உப்பு இருந்தது.

சாப்பிட வந்த செல்வத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை அவன் சிரிக்கவில்லை. "எங்கிட்ட கூட சொல்லாம இன்னாண்ணே பண்ணிக்கினு இருந்த நீ?" என்றான். அன்று மாலை மனைவிக்குப் போன் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான்.

அவள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். பிறகு, "பொண்ணு படிப்ப நான் பாத்துக்கிறேன், நீங்க கெளம்பி வாங்க. மாமாவ இட்டாந்து உட ஊரே இருந்துச்சி. அங்க உங்களுக்கு யாரு கீறா?" என்றாள்.

வெள்ளிக்கிழமை விமானம். விழுப்புரத்தில் டாக்டரிடம் காட்டப்போகிறேன். அது அப்பாவின் நோயா, வெறும் வயதா, திரும்பி வருவேனா, எதுவும் தெரியாது. விமானம் ஏறும்வரை வெளியே போனால் வைத்துக்கொள்ளச் சொல்லி, செல்வம் ஒரு அட்டையில் கேம்ப்பின் முகவரியை அரபியில் எழுதி வாங்கிவந்தான். அதன் பின்பக்கத்தில் என் பெயரையும் அப்பா பெயரையும் திண்டிவனத்தில் எங்கள் தெருவையும் தமிழில் நானே எழுதினேன். அதை இங்கே தெருவில் போகிறவர்கள் படிக்க மாட்டார்கள். முன்பக்கத்தை என்னால் படிக்க முடியாது. முன்பக்கம் என்னைக் கண்டெடுப்பவருக்கு. பின்பக்கம் எனக்கு.