இரண்டு விமானங்கள், ஒரு கப்பல்

கப்பலில் ஏற வேண்டுமென்றால் முதலில் விமானத்தில் ஏற வேண்டும் என்பது எனக்கு அறுபத்து மூன்று வயதில்தான் தெரிந்தது. அதுவரை கப்பல் என்றால் கொழும்புத் துறைமுகம், அங்கே போய் ஏறிக்கொள்ளலாம் என்றே நினைத்திருந்தேன். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்வி படிப்பித்தவள் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நாங்கள் மூன்று பெண்கள். கண்டிப் பக்கம் அக்கா பிலிமத்தலாவையில், நான் அம்பிட்டியவில்; தங்கச்சி கனடாவில். அக்காவுக்கும் தங்கச்சிக்கும் பதினான்கு வயது வித்தியாசம். அம்மா வேலைக்குப் போனதால் தங்கச்சியை இடுப்பில் வைத்து வளர்த்தது அக்காதான். சோறு ஊட்டியதும், தலை வாரியதும், காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்ததும் அவள். நான் நடுவில் பிறந்து வேடிக்கை பார்த்தவள்.

தங்கச்சி யாழ்ப்பாணத்து மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு கனடாவுக்குப் போனாள். இரண்டே தடவைதான் ஊருக்கு வந்தாள். பிறகு புற்றுநோய் வந்தது. சுகமாகிவிட்டது என்றார்கள், திரும்பவும் வந்தது. நாங்கள் அங்கே போக இரண்டு தடவை விசா கேட்டோம், இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. இந்த முறை டொக்டர்கள் இனிச் சில மாதங்கள்தான் என்கிறார்கள் என்று அவளுடைய மகள் போனில் சொன்னபோது, அக்காவும் நானும் என் வீட்டு விறாந்தையில் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம்.

அதே மகள்தான் இரண்டு வாரம் கழித்து எனக்குப் போன் எடுத்தாள். "பெரியம்மா, அம்மாவுக்குக் கப்பல்ல போக ஆசையாம். கட்டில்ல கிடக்க எல்லாரும் வந்து பாத்து அழுறது தனக்கு வேண்டாமாம். சிங்கப்பூர்ல இருந்து மூண்டு இரவு. உங்களுக்கு அங்க விசா தேவையில்லை. அம்மாவும் மூத்த பெரியம்மாவும் ஒரு அறையில, உங்களுக்கும் பெரியப்பாவுக்கும் பக்கத்து அறை, எனக்கு எதிர் அறை. அம்மா சொல்லிப்போட்டா, தனக்குப் பக்கத்துக் கட்டில் அவவுக்குத்தானாம்."

கப்பல் வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கிளம்பும், மூன்று மணிக்கு வாசலை மூடிவிடுவார்கள். நடுவில் எங்கும் நிற்காது. கடலில் சுற்றிவிட்டு ஞாயிறு காலை அதே இடத்துக்கு வந்துவிடும். "ஒரு நாள் முன்னுக்கே வந்திருங்கோ பெரியம்மா. அண்டைக்கு வந்து அண்டைக்கு ஏறுற வேலை வேண்டாம்" என்று அந்தப் பிள்ளை நான்கு தடவை சொன்னாள். நான்கு தடவையும் நான் சரி என்றேன்.

கண்டி மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு டிக்கட் ஏஜென்ட் இருக்கிறார். மக்காவுக்கு உம்ரா யாத்திரை போகிறவர்கள்தான் அவரிடம் அதிகம். என் கணவர் எல்லா விஷயத்திலும் ஒரு யோசனை வைத்திருப்பவர். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குப் போய், அங்கிருந்து சென்னை போய், சென்னையிலிருந்து சிங்கப்பூர் போனால் என்ன என்று கேட்டார்.

"சேர், சிங்கப்பூர் கிழக்கால ஈக்கிது. நீங்க வடக்கால போகப் பாக்கிறீங்க" என்றார் ஏஜென்ட். "கண்டியில இருந்து பலாலிக்குப் போறதே ஒரு நாள் பயணம். சென்னையில டிக்கட் வேற வேறயா இருந்தா பேக்க எடுத்துத் திருப்பிப் போடணும், அதுக்கு இந்தியா விசாவும் வேணும். புதன்கிழம காலைல கட்டுநாயக்கவுல இருந்து நேர்ப் பிளைட் ஒண்டு ஈக்கிது. மூணு சீட்டும் ஈக்கிது. போட்டுடவா டீச்சர்?"

போடுங்கள் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அங்கிருந்தே போன் எடுத்தேன்.

"மூணு பேராவா?" என்றாள் அக்கா.

நல்ல காரியத்துக்கு மூன்று பேராகக் கிளம்பக் கூடாது என்பது எங்கள் வீட்டில் தலைமுறையாக உள்ள கட்டுப்பாடு. ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம்தான். ஆனாலும் பெண் பார்க்கப் போனால் இரண்டு பேர் அல்லது நான்கு பேர். தவிர்க்க முடியாவிட்டால் நான்காவது ஆளாக ஒரு கல்லைப் பையில் போட்டுக்கொள்வோம். பாதர் கேட்டால் சிரிப்பார் என்பதால் அவரிடம் சொல்வதில்லை.

"ஒரு கல்லைப் போட்டுக்கிட்டாப் போச்சு" என்றார் என் கணவர், போன் பக்கமாகக் குனிந்து.

"பிளேன்ல கல்லு கொண்டுபோக விடுவாங்களா தம்பி? செக்கிங்ல எடுத்து வீசிருவாங்க. பாதி வழியில மூணு பேராயிருவோம்" என்றாள் அக்கா. அவள் விளையாடவில்லை. எனக்கும் அது தெரியும். அத்தானை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று த்ரீவீலில் அத்தான், அக்கா, நான், மூன்று பேர்தான் இருந்தோம். அன்று பின்னேரமே அத்தான் போய்விட்டார். டிரைவரோடு நான்கு பேர்தானே என்று பிறகொரு நாள் நான் சொன்னதற்கு, "அவர் நம்மளோட வரல, நம்மளக் கொண்டுவந்தவர்" என்றாள். அதற்குமேல் நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

"நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க. நான் அடுத்த பிளேன்ல வாறேன். அவளப் பாக்கப் போற பயணம். இதுல எனக்கு ஒரு குறையும் வேணாம்."

நான் சண்டை போட்டிருக்கலாம். மற்றவர்களோடு போடாத சண்டையா? அக்கா அந்தக் குரலில் பேசினால் மட்டும் எனக்கு வாய் வராது. அதோடு, உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கும் உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. தங்கச்சிக்கு ஏதாவது ஆகிவிட்டால் மூன்று பேராகப் போனதால்தான் என்று காலமெல்லாம் நினைத்துக்கொண்டிருப்பேனே என்று நினைத்தேன். ஏஜென்டைப் பார்த்து, இரண்டு டிக்கட் புதனுக்கு, ஒன்று அடுத்ததுக்கு என்றேன்.

அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். வியாழனுக்கு நேர் விமானத்தில் இடமில்லை. விடியுமுன் கிளம்பி கோலாலம்பூரில் மாறிப் போகிறது ஒன்று இருந்தது. காலை பத்து மணிக்குச் சிங்கப்பூர் சேரும். "டீச்சர், கப்பல் பஸ் இல்லயே, கையக் காட்டின ஒடன நிப்பாட்டுறதுக்கு. அக்காவ செவ்வாய்க்கிழமயே அனுப்பிடுங்களேன்" என்றார். சிங்கப்பூரில் ஒரு இரவு தனியாக இருக்கமாட்டேன் என்று அதற்கும் அக்கா மாட்டேன் என்றுவிட்டாள். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் நடுவில் ஐந்து மணி நேரம் இருக்கிறதே என்று கணக்குப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டோம். தங்கச்சி மகளுக்கு நான் எதையும் சொல்லவில்லை.

புதன்கிழமை விடியற்காலையில் வேன் பிடித்துக் கிளம்பினோம். பெரிய வேன். கொழும்பு ரோடுதான், பிலிமத்தலாவையைத் தாண்டித்தான் போக வேண்டும். அக்கா சந்தியில் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள், தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு, எங்களுக்குக் கை காட்டுவதற்காக. வேனில் எங்கள் இரண்டு பேரைத் தவிர எல்லா இருக்கையும் காலி. "நாளைக்குப் பாக்கலாம்" என்று சிரித்தாள். டிரைவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

தங்கச்சியைச் சிங்கப்பூர் ஹோட்டலில் பார்த்தேன். அந்த உருண்டை முகம் ஒரு கைக்குள் அடங்கும்போல ஆகியிருந்தது. என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள், பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். "பெரியக்கா எங்க?"

நாளைக் காலை வருவாள் என்றேன். ஏன் என்று கேட்டாள். மூன்று பேர் கதையைச் சொன்னேன். அவள் மகள் கோபத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கச்சி முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"நாலு பேர்தானே சின்னக்கா? நான் ஒருத்தி இங்க இருக்கேனே. என்ன ஏன் எண்ணல?"

நான் பெட்டியைத் திறந்து துணிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினேன்.

வியாழன் காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து செய்தி வந்தது. கட்டுநாயக்கவிலிருந்து விமானம் மூன்று மணி நேரம் பிந்திக் கிளம்புகிறதாம். கோலாலம்பூரில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டாள். அதற்கடுத்ததிலும் இடமில்லை, மத்தியானத்துக்குப் பிறகுதான் என்றுவிட்டார்கள். வாழ்க்கையில் முதல் தடவை விமானம் ஏறியவள் ஊர் பேர் தெரியாத விமான நிலையத்தில் நின்றுகொண்டு, "பக்கத்துல ஒரு தமிழ்ப் பிள்ள நிக்குது, அதுகிட்ட கேட்டுத்தான் பேசுறேன், நீ பயப்புடாத" என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். நான் கணவரைத் திட்டினேன். அவர் பாவம், ஒரு தப்பும் செய்யவில்லை. யாரையாவது திட்டாமல் எனக்கு முடியவில்லை.

இரண்டு மணிவரை வெளியிலேயே காத்திருந்தோம். தங்கச்சியால் அதற்குமேல் உட்கார முடியவில்லை, கப்பலில் ஏறிவிட்டோம். மூன்றரைக்கு அக்கா சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினாள். நாலேகாலுக்குத் துறைமுகக் கட்டிடத்துக்கு வந்துவிட்டாள். கப்பல் இன்னும் அங்கேயேதான் நின்றது. அவளுக்குக் கப்பல் தெரிந்தது. ஆனால் பயணிகள் பட்டியலை அனுப்பியாகிவிட்டது, இனி யாரையும் ஏற்ற முடியாது என்றார்கள். தங்கச்சி மகள் கப்பலுக்குள் இருந்த ஆபீஸில் அழுதுகூடப் பார்த்தாள். மரியாதையாகத்தான் பேசினார்கள், தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். கதவை மட்டும் திறக்கவில்லை.

"நான் ஜன்னல் பக்கத்துலதான் நிக்கிறேன். நீங்க எந்தப் பக்கம்?" என்று அக்கா போனில் கேட்டாள். மேல்தட்டில் நின்று நான் கையை ஆட்டினேன். அத்தனை ஜன்னல்களில் எது என்று எனக்குத் தெரியவில்லை, அத்தனை தலைகளில் நான் யார் என்று அவளுக்கும் தெரிந்திருக்காது. கப்பல் நகரத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் போன் சத்தமும் விட்டு விட்டு வந்து நின்றுபோனது.

மூன்று இரவும் அந்தப் பக்கத்துக் கட்டில் விரித்தபடியே கிடந்தது. நான் படுத்துக்கொள்கிறேன் என்றதற்குத் தங்கச்சி வேண்டாம் என்றாள். மகள்தான் அவளோடு கதிரையில் இருந்தாள். கடலைப் பார்க்க வந்தவள் கடைசி நாள் திரையை மூடச் சொல்லிவிட்டாள். அன்று இரவு அவளுக்கு வலி தாங்கவில்லை. விடியப்போகும்போது பலமான மாத்திரை ஒன்றைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஞாயிறு காலை வெளியே வந்தபோது அக்கா வாசலில் நின்றாள். மூன்று நாளும், தங்கச்சி மகள் போனிலேயே எடுத்துக் கொடுத்த ஹோட்டல் அறையைவிட்டு அவள் எங்கும் போகவில்லை. தங்கச்சியின் விமானம் மத்தியானம், பத்து மணிக்கு டாக்சி சொல்லியிருந்தது. எங்களுக்கு இருந்தது இரண்டு மணி நேரம். சக்கர நாற்காலியிலேயே தங்கச்சி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா நீளமான இருக்கையில் உட்கார்ந்து, அவளை மெதுவாக இறக்கச் சொல்லி, தலையைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள்.

நான் எழுப்பப் போனேன். "எழுப்பாத" என்றாள் அக்கா. "வலியில்லாமத் தூங்குறா."

அரை மணி போனது, ஒரு மணி போனது. நான் மணிக்கூட்டைப் பார்ப்பதும் அக்காவைப் பார்ப்பதுமாக இருந்தேன். ஒரே ஒரு தடவை தட்டினால் கண் திறந்துவிடுவாள். எழுப்பேன் அக்கா, பேசேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது. அக்கா தங்கச்சியின் முடியில்லாத தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

டாக்சி வந்தது. மகளும் என் கணவருமாகத் தங்கச்சியைத் தூக்கிப் பின் இருக்கையில் வைத்தார்கள். பெல்ட்டைப் போடும்போது அவள் கண்ணைத் திறந்தாள். ஜன்னலில் குனிந்திருந்த அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பெரியக்கா, எப்ப வந்த?"

"இப்பத்தான்டி" என்றாள் அக்கா.