வெர்னா பெல்க்கி விற்க மறுத்த அடுப்பு

வெர்னா பெல்க்கியிடம் அடுப்பு வாங்கப் போகிறவன் ரோஷத்தை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது. அமெரிக்காவில் பனி கொட்டும் வெர்மாண்ட் மாநிலத்தின் வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரில், வீட்டைச் சூடாக்கும் விறகடுப்புகளை விற்பது, பொருத்துவது, புகைபோக்கியைச் சுத்தம் செய்வது எல்லாம் அவள்தான். வயது அறுபத்திரண்டு. ஏணியில் ஏறினால் அணில், வாயைத் திறந்தால் அரம். கேட்ட அடுப்பை அவள் கேட்டவுடன் எடுத்துக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு வியாதி உண்டு. அடுப்பு எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிய மனிதன் என்று நினைப்பு. மாட்டுத் தொழுவத்தையே சூடாக்கக்கூடியதை வாங்கி மூன்று அறை வீட்டில் வைப்பார்கள். அப்புறம் சூடு தாங்காமல் அதன் காற்று வழியை அடைத்துவிடுவார்கள். விறகு எரியாமல் புழுங்கிப் புகையும். புகைபோக்கிக்குள் தார் மாதிரி கீல் படியும். ஒரு நாள் அந்தக் கீலே தீப்பிடிக்கும். ஜனவரி மாதக் குளிரில் சூடு தாங்காமல் யார் வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது என்று வெர்னா வண்டியில் போகும்போதே பார்த்து வைத்துக்கொள்வாள். ஒரு தடவை என் வீட்டு ஜன்னலும் சிக்கியது.

"பனியைக் கூப்பிட்டு உள்ள உக்கார வச்சு விருந்து வைக்கிறியா?" என்று தெருவிலிருந்தே கத்தினாள். நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு இன்னும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அவள் வேலை செய்யும் விதமே தனி. வீட்டுக்குள் வந்ததும், "சாயங்காலம் எங்க உக்காருவீங்க?" என்று கேட்பாள். மெழுகுவர்த்தியை ஏற்றி ஜன்னல் விளிம்பெல்லாம் காட்டி, சுடர் எங்கே சாய்கிறது, குளிர்காற்று எந்த இடுக்கில் நுழைகிறது என்று பார்ப்பாள். பரணில் ஏறுவாள். கடைசியில் வண்டியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வரும். அடுப்பின் அளவுக்கே செய்து கறுப்பு அடித்தது. அதை அறையில் வைத்து, "ஒரு வாரம் இதச் சுத்தி நடந்து பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள்.

என் பக்கத்துப் பண்ணைக்காரன் ஆர்டன் ராபிடூ வீட்டிலும் அப்படித்தான் நடுத்தர அளவுப் பெட்டி ஒன்றை வைத்தாள். ஆர்டனுக்கு முப்பது மாடு, ஒரு மனைவி. மனைவி நோர்மாவின் தங்கை குளிரே தெரியாத ஃபுளோரிடாவில் இருக்கிறாள். மூன்று குளிர்காலம் நடுங்கிய நோர்மா அந்தக் கோடையில் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: "இன்னொரு வருஷம் பல்லு தந்தியடிச்சா, நான் தங்கச்சி வீட்டுக்குப் போயிடுவேன். ஏப்ரல் வரைக்கும் நீ மாட்டோட பேசிட்டிரு." மாடுகளை விட்டு ஆர்டன் நகர முடியாது. நோர்மா இல்லாமல் அவனுக்கு ஒரு நாளும் ஓடாது. பயந்துபோனான்.

"வெர்னா, இந்தப் பெட்டி பொம்மை வீட்டுக்குத்தான் ஆகும். கடையில இருக்கறதிலேயே பெருசாக் குடுங்க. அவ போயிடுவா."

"பெருசு வச்சாத்தான் போயிடுவா. நடு சைஸு போதும். ஜன்னல் இடுக்கை அடைச்சுக்கோ."

"வாங்கறவன் நான்."

"விக்கறவ நான். மாட்டேன்."

ஆர்டன் வீம்புக்கு வெளியூர் போய், நான்கு ஆள் சேர்ந்து தூக்க வேண்டிய ராட்சசன் ஒன்றை வாங்கி வந்தான்.

நவம்பரிலேயே அவர்கள் வீட்டு மேஜையில் வெண்ணெய் உருகி ஓடியது. ஆர்டன் காற்றை அடைத்தான். அடுப்பின் கண்ணாடிக் கதவில் கரி படிந்தது; வீடெல்லாம் புகைநாற்றம்; நோர்மாவுக்கு இருமல். ஜனவரியில் ஒரு நாள், உறைநிலைக்குக் கீழே இருபது டிகிரி, நோர்மா அரைக்கைச் சட்டையோடு வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"உள்ள என்ன ஆச்சு?" என்று பதறிக் கேட்டேன்.

"உள்ள ஃபுளோரிடா. அதுவும் புகையோட. இதுக்கு நிஜ ஃபுளோரிடாவே மேல்னு டிக்கெட் போட்டாச்சு. வியாழக்கிழமை கிளம்பறேன்."

அன்றைக்கே ஆர்டன் வெர்னாவின் கடைக்கு ஓடினான். நானும் கூடப் போனேன். உதவிக்கு என்று சொன்னாலும், வேடிக்கை பார்க்கத்தான். ஆர்டன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"நீங்க சொன்னது சரிங்க."

"எது சரி?"

"எல்லாமே."

"இதைக் கேக்கத்தான் காத்துட்டிருந்தேன். ஆனா நடு சைஸு எல்லாம் தீந்துபோச்சு. அடுத்த லோடு மார்ச்லதான்."

ஆர்டனின் கண் கலங்கிவிட்டது. அத்தனை பெரிய உடம்பு அப்படி நிற்பதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது. வெர்னா அவனை முறைத்தாள். பிறகு மாடியில் இருக்கும் தன் வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போய், கூடத்தில் அணைந்து கிடந்த தன் சொந்த நடு சைஸ் அடுப்பின் குழாயைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"எனக்குச் சமையல்கட்டுல ஒண்ணு இருக்கு. மார்ச் வரைக்கும் அங்கயே உக்காந்துக்கறேன். அழாதப்பா, வெளிய போனா தாடியில உறைஞ்சிடும்."

அந்த அடுப்பை மாடியிலிருந்து இறக்கியதில் என் இடுப்பு பிடித்துக்கொண்டது. வேடிக்கை பார்க்கப் போனவனுக்குத் தண்டனை.

மறுநாள் ராட்சசனைக் கொட்டகைக்குத் தள்ளினோம். புகைபோக்கியிலிருந்து அரை வாளி கீல் வந்தது. வெர்னா அதை ஆர்டனின் காலடியில் வைத்தாள். ஜன்னல் இடுக்குகளை அடைத்தாள். அடுப்பைப் பொருத்தியதும் நோர்மாவை மட்டும் அழைத்து உட்காரவைத்தாள்.

"காஞ்ச மேப்பிள் கட்டை, சின்னதாப் பொளந்தது. காத்தைத் தாராளமா விடு. சுடர் ஆடணும், படுக்கக் கூடாது. இவன் கையில மட்டும் குடுத்துடாத."

நோர்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். ஆனால் டிக்கெட்டை ரத்து செய்யவில்லை.

வியாழக்கிழமை காலை, மாடுகளைக் கவனித்துக்கொள்ள நான் போனபோது ஆர்டன் வண்டியைக் கிளப்பிச் சூடேற்றிக்கொண்டிருந்தான். சூட்கேஸ் ஏற்கெனவே வண்டியில். நோர்மா கோட்டு மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"ஆர்டன், வண்டியை ஆஃப் பண்ணு."

"நேரமாச்சு நோர்மா, விமானம் போயிடும்."

"போகட்டும். இப்பத்தான் கட்டை போட்டேன், அழகா எரியுது. அதை உன்கிட்ட விட்டுட்டு எப்படிப் போறது? சூட்கேஸை எடுத்துட்டு உள்ள வா."

ஆர்டன் ஓடிய ஓட்டத்தில் படிக்கட்டுப் பனியில் இரண்டு தடவை விழுந்தான். சூட்கேஸை மட்டும் விடவில்லை.