புல்லுக்குள் இருந்த பச்சைப் பெட்டி

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான் புல்லில் கால் வைப்பதில்லை. ஊரில் என் தம்பி ஒழுங்கைப் பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கியபோது மிதிவெடியில் போனான். லண்டனுக்கு வந்து இத்தனை வருடமாகியும் தாரிலும் சீமெந்திலும்தான் நடப்பேன். குட்மேய்ஸ் பூங்காவில் மனைவி புல்லைக் குறுக்கே கடந்து போவாள். நான் பாதையால் சுற்றி வருவேன். அவள் அந்தப் பக்க வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பாள். "ஒருநாளைக்கெண்டாலும் என்னோட சேர்ந்து நடவுங்கோவன்" என்று முன்பு கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அதுதான் எனக்குக் கூடுதல் வலி.

போன வருடம் அமெரிக்காவில் இருக்கும் அவளுடைய தம்பியிடம் போனோம். அவனுக்கு ஒரு பொழுதுபோக்கு. யாரோ ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, இடத்தை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் கொப்பியில் பெயரெழுதி, அதே இடத்தில் திரும்ப வைக்க வேண்டும்.

"அப்ப என்ன கிடைக்கும்?" என்றேன்.

"ஒண்டும் கிடையாது அத்தான். நடைதான்."

ஆமிஷ் மக்களின் தோட்டங்களுக்கு நடுவே காரை விட்டுவிட்டு நடந்தோம். அவர்கள் கார் வைத்திருப்பதில்லை, எந்தப் படையிலும் சேர்வதில்லை என்று மைத்துனன் சொன்னான். சண்டைக்குப் போகாத ஒரு சனம்! சோளம் ஆளுயரத்துக்கு நின்றது. குதிரை வண்டிலில் போன தாடிக்காரர் எங்களை யாரென்று தெரியாமலே கையைத் தூக்கிவிட்டுப் போனார். வெட்டிய புல்வெளியில் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடினார்கள். ஒருவர்கூடக் கீழே பார்க்கவில்லை. கோயிலில் நிற்பதுபோல நான் அப்படியே நின்றுவிட்டேன்.

போன் காட்டிய இடம் வேலியோரப் புல்லுக்குள் இருந்தது. மனைவியும் அவனும் இறங்கினார்கள்.

"என்ன அத்தான், ரோட்டுக்குக் காவலோ?" என்று அவன் சிரித்தான்.

"விடடா, அவர் வரமாட்டார்" என்றாள் மனைவி. அவள் சிரிக்கவில்லை.

அவள்தான் கல்லைப் புரட்டினாள். கீழே ஒரு பச்சை இரும்புப் பெட்டி. துப்பாக்கி ரவை அடைத்து வரும் பெட்டி. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அதைத் தெரியாதவர்கள் இல்லை; திறந்தால் வெடிக்கும்படியும் வைத்துவிட்டுப் போவார்கள். அக்காவும் தம்பியும் சிறுவயதிலேயே ஜெர்மனிக்குப் போனவர்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவள் மூடியில் கை வைத்தாள்.

"தொடாதை! தொடாதை!"

நான் சத்தம் போட்டுப் பேசுகிறவன் இல்லை. அந்தக் குரல் என்னுடையதா என்று எனக்கே தெரியவில்லை. ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் விழப் பார்த்தோம்.

"அத்தான், அத்தான், பழைய பெட்டி! மழைத்தண்ணி போகாதெண்டு வாங்கி வைக்கிறவை." அவன் மூடியைத் திறந்து காட்டினான். உள்ளே ஒரு பென்சில், சின்னக் கொப்பி, கண்ணாடிக் குண்டுகள், ஒரு பிளாஸ்டிக் குதிரை. ரவை இருந்த இடத்தில் விளையாட்டுச் சாமான். எத்தனை பேர் திறந்திருப்பார்கள், ஒருவரும் அந்தக் குதிரையை எடுத்துக்கொண்டு போகவில்லை.

மனைவி பெட்டியைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, எங்கை நிக்கிறியள் எண்டு பாருங்கோ."

முழங்கால்வரை புல். புல்லுக்குள் ஓடிவந்திருந்தேன். கொப்பியில் தமிழில் கோணல்மாணலாக என் பெயரை எழுதினேன். திரும்பி ரோட்டுக்கு ஏறும்வரை அவள் என் கையை விடவில்லை.

லண்டனுக்கு வந்ததும் எல்லாம் மாறிவிடவில்லை. குளிர்காலம் முழுக்க, கோடையிலும் பாதையால்தான் சுற்றினேன். இன்று காலை மழை விட்டதும் பூங்காவுக்குப் போனோம். அவள் வழக்கம்போலப் புல்லில் இறங்கினாள். கொஞ்சத் தூரம் போய்விட்டாள். நான் பின்னால் இறங்கி நடந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பினாள். நான் வந்து சேரும்வரை நின்றாள்.

சப்பாத்தும் காலுறையும் நனைந்துவிட்டன. ஹீட்டரில் காயப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

13 ஒக்டோபர் 2024, ஞாயிற்றுக்கிழமை.