ரெஜினா அக்கா நீக்க விடாத வரி

கொரட்டூர் நிலையத்தில் ரயிலுக்கு நின்றிருந்தபோது அலுவலகக் குழுவில் செய்தி வந்தது: "ரெஜினா மேடம் காலமானார்." நீண்ட ஆய்வறிக்கைகளை இரண்டு பக்கத்துக்குச் சுருக்கி அதிகாரிகளுக்கு அனுப்புவதுதான் அவர் வேலை. அவரையே ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். வந்த ரயிலில் ஏறத் தோன்றவில்லை.

அம்பத்தூரில் எங்கள் ஆய்வு நிறுவனத்தில் அவருக்கு எதிர்மேசை என்னுடையது. சுருக்கத்தோடு போகும் கருத்துப் படிவத்தில் அதிகாரிகள் எல்லாரும் 'மிகவும் பயனுள்ளது' என்றே குறித்து அனுப்புவார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. அக்கா சிரிப்பார். "கல்யாண வீட்ல சாப்பாடு நல்லால்லன்னு யாராச்சும் சொல்வாங்களா? மனசு மாறிச்சான்னு பாருடி." சில மாதம் விட்டு, அவர்களை நேரில் பார்த்து என்ன நினைவிருக்கிறது என்று கேட்பார். பலருக்கு அட்டைப்படம்தான் நினைவிருக்கும். வாடிய முகத்தோடு வந்து, அடுத்ததை எழுத உட்காருவார்.

கடைசியாக எழுதியது, தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் தாய்மாருக்காக அங்கன்வாடிகளை மாலை வரை திறந்து வைப்பது பற்றி. 'மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு இது நல்லதா என்று எங்களுக்குத் தெரியாது' என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார். அந்த வரி காரியத்தைக் கெடுத்துவிடும் என்று நாங்கள் சண்டை போட்டோம். "உண்மைதானே, இருக்கட்டும்" என்றார். இதை முடிவு செய்ய வேண்டிய அதிகாரியிடமிருந்து வழக்கம்போல் 'மிகவும் பயனுள்ளது' வந்தது. நேரில் போய்க் கேட்பதற்குள் அக்கா படுத்துவிட்டார். மருத்துவமனையிலும், "அந்த சார் மனசு மாறினாரா?" என்றுதான் கேட்டார். அக்காவுக்காக அவர் அலுவலகத்துக்கு நான் போயும் அந்த அதிகாரியைப் பார்க்க முடியவில்லை.

அன்று சேக்காட்டில், அக்கா வீட்டு வாசலில், அந்த அதிகாரி மாலையோடு நின்றிருந்தார்.

"அங்கன்வாடியை அவ்வளவு நேரம் திறக்கறதுல எனக்கு முதல்ல இஷ்டமே இல்லம்மா. எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் எல்லாரும் எழுதி அனுப்புறாங்க. இவங்க ஒருத்தங்கதான் தெரியாதுன்னு எழுதியிருந்தாங்க. அதுக்கப்புறம்தான் மீதியை நம்பிப் படிச்சேன். மாலை வரைக்கும் திறக்கச் சொல்லி போன வாரம் கையெழுத்து போட்டுட்டேன். மேடம்கிட்ட நேர்ல சொல்லலாம்னு இருந்தேன்."

அதுவரை அழாமல் இருந்த நான் அங்கேயே உடைந்துபோனேன். உள்ளே அக்கா கண்மூடிப் படுத்திருந்தார்.

இந்த அஞ்சலியைப் படிக்கும், அவரை அறிந்த உங்களுக்குச் சொல்கிறேன். அந்த வரியை நான் வைத்துக்கொண்டேன். இப்போது நான் எழுதும் சுருக்கங்களிலும், தெரியாததைத் தெரியாது என்று முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன். எழுதி முடித்ததும் தலை தானாக நிமிர்ந்து எதிர்மேசையைப் பார்க்கிறது. "மாறிட்டார்க்கா" என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.